சவேரியோவின் பெயரில் வந்த மருந்து

சவேரியோ டெ பின்டோவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், கயிறு சுருட்டுவார். ஏற்கனவே ஒழுங்காகச் சுருட்டி வைத்திருக்கும் கயிற்றையே அவிழ்த்துப் போட்டு மறுபடி சுருட்டுவார். அவர் படகில் பல வருஷம் கூலிக்கு நின்றவன் நான். அவர் கையைப் பார்த்தே அன்றைக்கு வாயைத் திறக்கலாமா கூடாதா என்று முடிவு செய்துகொள்வேன்.

ஃப்ரீமேன்டில் துறைமுகத்தில் அவரைப் போல ஆள் நிறைய உண்டு. அப்பன் மொல்ஃபெட்டா என்ற ஊரிலிருந்து கப்பலேறி வந்தவன். மகன் இங்கேயே பிறந்து, இங்கேயே சிங்கி இறாலுக்குக் கூண்டு போடுகிறவன். என் கதையும் அதேதான். பள்ளிக்கூடத்தை நான் பதிமூன்று வயதில் விட்டேன், அவர் பதினாலில். அந்த ஒரு வருஷத்தை வைத்துக்கொண்டு, ஏதோ காலேஜ் முடித்தவர் மாதிரி காலமெல்லாம் என்னிடம் பேசினார்.

"டேய் டொனாட்டோ, படிச்சவன் சொல்றேன், கேளு" என்பார்.

குள்ளமான ஆள். தோள் மட்டும் இரண்டு ஆளுக்கு உரியது. படகுக்கு சான் கொர்ராடோ என்று எங்கள் ஊர்ப் புனிதரின் பெயர். கூண்டு கிடக்கும் இடத்தைக் காட்டும் மிதவைகளுக்கு மஞ்சள் பூசி நடுவில் ஒரு கறுப்புப் பட்டை போட்டிருப்பார். கடலில் அதைப் பார்த்தால் எவனும் ஒதுங்கிப் போவான். அடுத்தவன் மிதவையைத் தொடுவது எங்களிடம் அடுத்தவன் படுக்கையறைக்குள் நுழைவது மாதிரி. ஒரே ஒரு விலக்கு உண்டு. ஒருவன் படகு கெட்டுப்போய் வர முடியவில்லை என்றால், கிட்ட இருக்கிறவன் அவன் கூண்டை இழுக்கலாம். விட்டுவைத்தால் ஆக்டோபஸ் புகுந்து உள்ளே இருப்பதையெல்லாம் உறிஞ்சிவிட்டு வெறும் ஓடுகளைத்தான் மிச்சம் வைக்கும். ரேடியோவில் "என் கூண்ட இழுத்துக்கோ" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்கப்புறம் அந்தப் பிடிப்பு இழுத்தவனுக்குச் சொந்தம். கணக்கு கேட்கிற பழக்கமில்லை.

அவர் மனைவி நுன்சியா. நான் அண்ணி என்பேன். அவரை விட ஒரு சாண் உயரம். பிள்ளைகள் கல்யாணமாகி வடக்கே போய்விட்டார்கள். ஆகவே திட்டுவதற்கு அண்ணிக்கு அவர் ஒருவர்தான் மிச்சம், அவருக்கு அண்ணி ஒருத்திதான் மிச்சம். பொழுது போனதே தெரியாமல் இரண்டு பேரும் திட்டிக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள்.

ஒரு நாள் சவரம் செய்யும்போது கழுத்தில் நெறி கட்டியிருப்பது கைக்குத் தட்டுப்பட்டது. பிறகு அக்குளில். பிறகு தொடையிடுக்கில். ரத்தத்தில் வரும் புற்றுநோயில் ஒரு வகை, மெதுவாக நகர்வது என்றார்கள். ஆஸ்பத்திரி மாடியில் இருந்த ரத்த டாக்டர் கீமோ ஏற்றினார். நெறி வற்றியது. ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்தது. வேறு கீமோ ஏற்றினார். அதுவும் கொஞ்ச காலம்தான். மூன்றாவது தடவை நெறி கட்டியபோது சவேரியோ படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். கூண்டை இழுக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்.

கோயிலில் ஒரு அம்மாள் சொல்லித்தான் அண்ணிக்கு விஷயம் தெரிந்தது. அதே ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஈயக் கதவுக்குப் பின்னால், பிரானிகன் என்று ஒரு டாக்டரம்மா இருக்கிறார். கதிர்வீச்சு கலந்த ஒரு மருந்தை ஒரே ஒரு தடவை ஏற்றுகிறார். அவர் கையில் பலர் வருஷக்கணக்கில் தேறியிருக்கிறார்கள். மாடியிலிருந்து அடித்தளத்துக்கு இறங்க லிஃப்ட் இருக்கிறது. ஆனால் மாடி டாக்டர் அதுவரை அந்த அம்மா பெயரையே எடுத்ததில்லை.

அன்றைக்கு நான்தான் வண்டி ஓட்டிப் போனேன். பிரானிகன் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற ஆள். அண்ணி நாற்காலியில் உட்காரும் முன்பே கேள்வியை ஆரம்பித்துவிட்டார்.

"மாடியில இருக்கறவர் எங்கள ஏன் முன்னாடியே உங்ககிட்ட அனுப்பல?"

"கீமோன்னா அவரே அவரோட இடத்துல குடுத்துடலாம்மா. இதுல கதிர் இருக்கு, எங்க ஆளுங்கதான் தொடணும். இங்க அனுப்பினா நோயாளி அவர் கைய விட்டுப் போன மாதிரி. அவர மட்டும் சொல்லாதீங்க, உலகம் பூரா இப்படித்தான். அனுப்ப ஆளில்ல, அதனால மருந்து விக்கல. கண்டுபிடிச்சது ஒரு சின்ன கம்பெனி. அத ஒரு பெரிய கம்பெனி வாங்குச்சு. அதையும் ஒரு பெரிய கம்பெனி வாங்குச்சு. மூணாவது வீட்டுக்குப் போனதும் இது யாருக்கும் செல்லப்பிள்ளையில்ல. இந்த வருஷத்தோட நிறுத்தறாங்க."

"வேலை செய்யாததாலயா?"

"நல்லாத்தாம்மா வேலை செய்யுது. வாங்கத்தான் ஆளில்ல."

சவேரியோ அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நிமிர்ந்தார். "நல்ல மீனு. ஏலத்துல கேக்க ஆளில்ல. அப்படித்தானே டாக்டரம்மா?"

"அப்படித்தான்."

"அப்போ பிடிக்கறத நிறுத்திடறான்."

"ஆமா. அதுக்குள்ள உங்களுக்கு ஒண்ணு வாங்கிடப் பாக்கறேன்."

திரும்பும் வழியில் வண்டியில் அவர் பேசிய பேச்சு எனக்கு மறக்காது. அந்த மருந்தில் இருப்பது ஆன்டிபாடி என்ற ஒன்றாம். எலி உடம்பின் உயிரணுவிலிருந்து எடுப்பதாம். ரத்தத்தில் ஓடிப் போய்க் கெட்ட அணுவை மட்டும் அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளுமாம். அதன் முதுகில் கதிர் வீசும் அயோடினைக் கட்டி அனுப்புகிறார்களாம்.

"கெட்டது ஒவ்வொண்ணுக்கும் ஒரு மிதவ கட்டி விடுதுடா. நல்லத தொடறதில்ல. கட்டின இடத்துலயே அத சுட்டும் போடுது. எவன் யோசிச்சான் இத? எலிய வெச்சு!"

"மருந்து ஏறினதும் பாலாடைக்கட்டி கேப்பே பாரு" என்றார் பின்சீட்டிலிருந்து அண்ணி.

"நீ இப்பவே பூனை மாதிரிதானே இருக்கே, எனக்கென்ன புதுசா?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர்கள் பழையபடி திட்டிக்கொண்டார்கள்.

மருந்து ஏறினவர்கள் உடம்பிலிருந்தே சில நாள் கதிர் வருமாம். ஆஸ்பத்திரியில் அடைத்து வைத்துவிட்டு அனுப்பும்போதும், வீட்டில் யாரையும் தொடாமல் தனியாக இருக்கச் சொல்வார்கள். சவேரியோ வீடு மொல்ஃபெட்டாக்காரர் வீடு. உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் ஐம்பது பேர் வந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுத்தான் போவார்கள். தடுக்க முடியாது. அதனால் அந்த நாட்களைப் படகிலேயே கழித்துவிடுவது என்று தீர்மானித்தார். சின்ன அறையிலிருந்த படுக்கையைக் கழுவி வெயிலில் காயவைத்தார். அண்ணி புதுப் போர்வை, காபிப் பாத்திரம், சீட்டுக்கட்டு எல்லாம் கொண்டுவந்து அடுக்கினார்.

"தனியா இருக்கறவனுக்கு சீட்டுக்கட்டு எதுக்கு?"

"நான் படகுத்துறைப் பலகை மேல நின்னு என் சீட்டச் சொல்றேன், நீ உள்ளேருந்து உன் சீட்டச் சொல்லு. ஏமாத்தாம ஆடறியான்னு பாக்கலாம்."

அவர் அந்தப் படுக்கையில் உட்கார்ந்து பார்ப்பார். படுத்துப் பார்ப்பார். மருந்து உள்ளே ஓடும்போது எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்பார். எனக்கு எப்படித் தெரியும்? சுடுமா, குளிருமா, நெறி கரைவது தெரியுமா என்று அவரே கேட்டு அவரே யோசிப்பார். கல்யாணத்துக்கு நாள் குறித்தவன் மாதிரி இருந்தார்.

கடல் கடந்து, உறைய வைத்து, ஈயப் பெட்டியில் வருகிற மருந்து அது. வருகிற வழியிலேயே கதிர் குறைந்துகொண்டு வரும், சேர்த்து வைக்க முடியாது. முதல் தடவை சொன்ன நாளில் சவேரியோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார். விமானி கதிர்ப் பெட்டியை ஏற்ற மாட்டேன் என்று இறக்கிவிட்டானாம். இரண்டாம் தடவை அதே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். செய்த சரக்கு சரியில்லை என்று அங்கேயே கொட்டிவிட்டார்களாம். டாக்டரம்மா மன்னிப்புக் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் சவேரியோ கொல்லையில் உட்கார்ந்து கயிறு சுருட்டினார். அது துணி காயப்போடும் கயிறு.

மூன்றாவது தடவைதான் கடைசி என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அளவு பார்ப்பதற்காக முந்தின வாரம் அதே மருந்தில் ஒரு துளி ஏற்றி, படம் எடுத்து வைத்திருந்தார். பெரிய அளவு வெள்ளிக்கிழமை வரும் என்றார். வாரம் பூராவும் கரையிலேயே இருங்கள் என்றும் சொன்னார்.

வியாழக்கிழமை விடியும் முன்பே சவேரியோ படகுக்குக் கிளம்பிவிட்டார். நவம்பர் கடைசி. வெளிர் ஓட்டுச் சிங்கிகள் ஆழத்துக்கு நடக்கிற காலம். வருஷத்தில் அந்தச் சில வாரங்களுக்காகத்தான் மிச்ச வருஷம் முழுவதும் நாங்கள் கூண்டு செப்பனிடுகிறோம். அண்ணி வாசலில் நின்று கத்தியது தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க? உனக்குக் காது இருக்கா, இல்ல அதுலயும் நெறி கட்டிடுச்சா?"

"நாளைக்குத்தானே? மூணாவது தடவையும் வெள்ளைச் சட்ட போட்டுட்டு எல்லாரும் பாக்க உக்கார மாட்டேன். மதியத்துக்கு வந்துடுவேன்."

ராட்னெஸ்ட் தீவு தாண்டி மேற்கே வெகுதூரம் போனோம். கூண்டுகள் கனத்து வந்தன. அவர் முகம் தெளிந்திருந்தது. பாட்டுக்கூட வந்தது, அது ஒன்றும் கேட்கும்படியாக இருக்காது. ஒரு வரிசைதான் பாக்கி. அப்போது ரேடியோவில் கடல் மீட்புப் படைக் கோபுரத்திலிருந்து பெர்சியின் குரல் வந்தது. ஓய்வு பெற்ற தபால்காரர். எதையும் மரியாதையாகச் சொல்கிறவர்.

"சான் கொர்ராடோ, சான் கொர்ராடோ, பெர்சி பேசறேன். சவேரியோ, உங்க வீட்டம்மா போன்ல இருக்காங்க. மருந்து ஒரு நாள் முன்னாடியே வந்துடுச்சாம். இப்பவே திரும்பி வரச் சொல்றாங்க."

"பெட்டியத் திறந்து பாத்தாங்களாமா? உள்ள மருந்து இருக்கான்னு கேளு."

அந்தப் பக்கம் போனில் கேட்கிற சத்தம் வந்தது. பிறகு பெர்சி தொண்டையைச் செருமினார். "அதுக்கு அவங்க சொன்னத நான் ரேடியோவுல சொல்ல முடியாது சவேரியோ. என் லைசென்ஸ் போயிடும்."

மற்ற படகுகளிலிருந்து சிரிப்பு வந்தது. "சொல்லு பெர்சி, வெக்கப்படாதே, எங்க வீட்டுல தினமும் கேக்கறதுதான்!" என்றான் இன்னொரு படகுக்காரனான வீட்டோ.

"சரி, வரேன்னு சொல்லு" என்று சவேரியோ ரேடியோவை வைத்தார். ஆனால் படகைத் திருப்பவில்லை. மஞ்சள் மிதவைகள் வரிசையாகத் தெரிந்தன.

"விடுண்ணே, போலாம்" என்றேன்.

"இதோ, இந்த வரிசைதான். விட்டுட்டுப் போனா நாளைக்கும் வர முடியாது, வாரம் பூரா வர முடியாது. ஆக்டோபஸுக்கா பிடிச்சோம்? ரெண்டு தடவ என்ன உக்கார வெச்சாங்களே, நான் இத இழுக்கற நேரம் அவங்க உக்காரட்டும்."

கயிறு இழுக்கும் வின்ச்சை வேகமாக விட்டார். கடைசிக்கு முந்தின கூண்டை ஏற்றும்போதே இஞ்சினைத் தட்டித் திருப்பினார். கயிறு தளர்ந்து படகுக்கு அடியில் போயிருந்தது. இஞ்சின் ஒரு தடவை உறுமியது, அப்புறம் நின்றுவிட்டது. புரொப்பல்லர் விசிறியில் கயிறு சுற்றிக்கொண்டால் வரும் அந்த அமைதி எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

தெற்குக் காற்று கிளம்பிவிட்டது. நான் கத்தியைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். படகின் அடிப்பாகம் தலைக்கு மேலே ஏறி ஏறி இறங்குகிறது. நைலான் கயிறு இறுகி உருகிக் கட்டியாகிக் கிடந்தது. மூச்சு வாங்க மேலே வரும்போதெல்லாம் பின்பக்க ஏணியைப் பிடித்துக்கொண்டு தொங்குவேன். அப்படித் தொங்கும்போதுதான் மறுபடி பெர்சி குரல் கேட்டது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"சவேரியோ, எங்க இருக்கீங்க?"

"கயிறு சிக்கிடுச்சு. டொனாட்டோ அறுத்துட்டிருக்கான்."

"நான் வரேன் சவேரியோ" என்று வீட்டோ குறுக்கே புகுந்தான். "ஆனா நான் தீவுக்கு வடக்க இருக்கேன்."

அவன் வந்து சேர்ந்து, கட்டி இழுத்து, கரைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் தெரியும். மீட்புப் படைப் படகோ வேறு பக்கம் ஒரு பாய்மரப் படகை இழுத்துக்கொண்டிருந்தது.

பெர்சி மெதுவாகச் சொன்னார். "கேளுங்க. இப்ப போன்ல நர்ஸ் பேசறாங்க. நீங்க காலையில வந்துடுவீங்கன்னு மருந்த உருக்கிட்டாங்களாம். அது சாயங்காலத்துக்கு மேல தாங்காதாம். ஏத்தி முடிக்கவே நேரம் ஆகுமாம். அங்க இன்னொரு அம்மா இருக்காங்களாம், அவங்களுக்கும் இதே மருந்துதான் எழுதியிருந்ததாம், அவங்களுக்கும் அளவெல்லாம் பாத்து வெச்சிருக்காங்களாம். ரெண்டு கேட்டதுக்கு ஒண்ணுதான் வந்துச்சாம். உங்க பேரு முதல்ல இருந்துச்சாம்."

"நுன்சியா எங்க?"

"கதவுல நிக்கறாங்களாம். நீங்க வர்ற வரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாதுன்னு டாக்டரம்மா கையப் பிடிச்சுட்டு விட மாட்டேங்கறாங்களாம். என்ன சொல்லட்டும் சவேரியோ?"

நான் ஏணியில் தொங்கியபடி மேலே பார்த்தேன். அவர் ரேடியோவின் பேசும் கருவியை ஒரு கையில் வைத்திருந்தார். இன்னொரு கை பக்கத்தில் கிடந்த கயிற்றுச் சுருளை அவிழ்த்தது. சுருட்டியது. மறுபடியும் அவிழ்த்தது. எங்கள் கரை முழுக்க எத்தனை படகு ரேடியோவைத் திறந்து வைத்திருந்ததோ தெரியாது.

"பெர்சி."

"சொல்லுங்க."

"கூண்ட இழுத்துக்கச் சொல்லு."

"எந்தக் கூண்டு?"

"நுன்சியாவுக்குத் தெரியும். கிட்ட இருக்கறவங்க இழுத்துக்கட்டும்னு சொல்லு."

கருவியை மாட்டிவிட்டுக் கீழே குனிந்து என்னைப் பார்த்தார். "என்னடா தொங்கிட்டிருக்கே? அறு."

நாங்கள் கரை சேர்ந்தபோது இன்னும் வெயில் இருந்தது. ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல், இரை நாற்றத்தோடு ஆஸ்பத்திரி அடித்தளத்துக்குப் போனோம். ஈயக் கதவு மூடியிருந்தது. மேலே, உள்ளே மருந்து ஏறுவதைக் காட்டும் மஞ்சள் விளக்கு. தரையில் போட்டிருந்த கோட்டைத் தாண்டிப் போய்க் கதவின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றார். நர்ஸ் கோட்டுக்கு இந்தப் பக்கம் வரச் சொன்னாள். அவர் காதில் விழவில்லை. நான்தான் தோளைப் பிடித்து இழுத்து வந்தேன். பெஞ்சில் அண்ணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பைக்குள் அந்த வெள்ளைச் சட்டை இருந்தது. எங்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

மறுநாள் சவேரியோ வீட்டில் இல்லை. படகின் சின்ன அறையில், புதுப் போர்வை மேல், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சாப்பாடு கொண்டுபோனேன், தொடவில்லை. அதற்கடுத்த நாள் அண்ணி பலகை வழியாக இறங்கி வந்தார். படகில் ஏறினால் வாந்தி வரும் என்று வருஷக்கணக்கில் அதில் கால் வைக்காதவர். நான் வெளியே கூண்டு அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"தள்ளிப் படு" என்றார்.

"கிட்ட வரக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"மருந்து ஏறியிருந்தா வந்திருக்க மாட்டேன். உள்ள ஒண்ணுமில்லையே. தள்ளுய்யா."

அப்புறம் அண்ணி அழுகிற சத்தம் கேட்டது. நான் கூண்டுகளை விட்டுவிட்டு டீசல் வாங்கப் போய்விட்டேன்.

பிரானிகன் அம்மா கம்பெனிக்கு எழுதிப் பார்த்தார், பேசிப் பார்த்தார். மருந்து செய்கிற இடத்தையே மூடிவிட்டார்கள். மாடி டாக்டர் இன்னொரு வகைக் கீமோ ஆரம்பித்தார். சவேரியோ மறுக்காமல் போனார். தலை மயிர் போனது, எடை போனது. அதைப் பற்றியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்கு ஒன்றுதான் தெரியவேண்டும். அந்த மருந்து யாருக்குள் போனது? வேலை செய்ததா?

டாக்டரம்மாவைக் கேட்டார். "ஒரு நோயாளி விஷயத்த இன்னொருத்தர்கிட்ட சொல்லக்கூடாது சவேரியோ."

"பேரு வேணாம். காலையில எந்திரிச்சு நடமாடறாளா, அத மட்டும் சொல்லுங்க."

"அதையும்தான் சொல்லக்கூடாது."

பிறகு அண்ணியைப் பிடித்தார். அண்ணிதான் அன்றைக்கு அவளைப் பார்த்தவர். "எப்படி இருந்தா?" என்பார். ஒரு நாள் அவள் குண்டு என்பார் அண்ணி, இன்னொரு நாள் குச்சி என்பார். ஒரு நாள் தொப்பி போட்டிருந்தாள் என்பார், மறுநாள் தொப்பியா, யார் சொன்னது என்பார். வேண்டுமென்றேதான். அந்த மருந்து போன உடம்பைப் பற்றி அவர் இப்படி ஏங்கிக் கேட்பது அண்ணிக்குப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரி காத்திருக்கும் அறையில் வருகிற பெண்களையெல்லாம் முறைத்துப் பார்ப்பார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எந்த ஊரு? நவம்பர்ல இங்க வந்தீங்களா?" என்பார். ஒருத்தி எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டாள்.

"கெழவனுக்கு இந்த வயசுல புத்தி போகுது பாரு" என்று அண்ணி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "எலி மருந்து ஏறாமலே எலி மாதிரி மோந்துட்டுத் திரியறான்."

"அது என்னோடதுடி."

"குடுத்துட்டேயில்ல? கூண்ட இழுத்துக்கச் சொன்னேயில்ல? அப்புறம் என்ன கணக்கு?"

கணக்கு கேட்கிற பழக்கமில்லைதான். ஆனால் வெறும் கூண்டா, நிறைந்த கூண்டா என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்காதா? திரும்பும்போது வண்டியில் என்னிடம் மட்டும் சொன்னார். "நான் நல்ல மனுஷன் இல்லடா. சில நாள் அவ செத்திருக்கணும்னு தோணுது. அப்போ அந்த மருந்து ஒண்ணுக்கும் உதவாததுன்னு விட்டுடலாம். இன்னும் சில நாள் அவ நல்லா இருக்கணும்னு தோணுது. அந்த நாள்லதான் ரொம்ப வலிக்குது."

அடுத்த நவம்பரில் அவரால் கடலுக்கு வர முடியவில்லை. படகை என்னிடம் விட்டார். நான் பிடித்துக்கொண்டு வரும் நேரத்துக்குப் பலகைக்கு வந்து, கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் பெட்டி மேல் உட்கார்ந்து, நான் கூண்டை அடுக்குகிற லட்சணத்தைத் திட்டுவார். அண்ணி அவருக்குக் காபி கொண்டுவருவார். அப்படி ஒரு பிற்பகலில்தான் அவள் வந்தாள்.

புழுதி படிந்த ஒரு பண்ணை வண்டி ஐஸ் கிடங்குக்குப் பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்த ஆள் இறங்கவில்லை. வெயிலில் காய்ந்த முகத்தோடு ஒரு பெண், ஐம்பத்தைந்து இருக்கும், படகுகளின் பெயரை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். சான் கொர்ராடோவுக்கு முன்னால் நின்றாள்.

அண்ணி காபியோடு அங்கேயே நின்றுவிட்டார். அவருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

"என் பேரு லோர்னா" என்றாள் அவள். "கட்டானிங் பக்கம், கோதுமைப் பண்ணை. அன்னைக்கு நர்ஸ் போன்ல பேசறப்போ இந்தப் படகு பேரு காதுல விழுந்துச்சு. வரணும் வரணும்னு இருந்தேன். பயமா இருந்துச்சு."

சவேரியோ எழ முயன்றார், முடியவில்லை. நான் போய்த் தூக்கிவிட்டேன்.

லோர்னா அண்ணியைப் பார்த்தாள். "அன்னைக்கு நீங்க என்ன..."

"நான் என்ன சொன்னேனோ அத மறந்துடு" என்றார் அண்ணி வெடுக்கென்று.

"மறக்கல. ஆனா நான் உங்க இடத்துல இருந்திருந்தா அடிச்சே இருப்பேன்."

அண்ணி ஒரு அடி முன்னால் வந்தார். காபியை அவளிடம் நீட்டினார். சவேரியோவுக்குக் கொண்டுவந்த காபி அது.

சவேரியோ கையைத் தூக்கினார். "பாக்கலாமா?" என்றார்.

அவளுக்குப் புரிந்தது. நெறி கட்டியவர்களுக்கு மட்டுமே புரிகிற கேள்வி. சட்டைக் கழுத்தைத் தளர்த்திக்கொண்டு முகத்தைத் தூக்கினாள். டாக்டர்கள் பார்ப்பது மாதிரியே அவர் விரல்களைத் தாடைக்குக் கீழே வைத்து, காதுக்குப் பின்னால் போய், கழுத்து வழியாக இறங்கினார். அவசரமே இல்லை. இரண்டு பக்கமும் பார்த்தார். தோள் எலும்புக்கு மேலே உள்ள குழியில் விரல் நின்றது.

"ஒண்ணுமே இல்ல" என்றார்.

"ஒண்ணுமே இல்ல. போன மாசம் படம் எடுத்தாங்க. சுத்தமா இருக்காம்."

"சுத்தமா."

கையை எடுக்கத் தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். அவர் கண் கலங்கவில்லை. முகத்தில் சந்தோஷமா பொறாமையா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அண்ணி வந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கி, அவரைப் பெட்டி மேல் உட்கார வைத்து, பக்கத்தில் தானும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். லோர்னாவுக்கு இன்னொரு பெட்டியைக் காலால் தள்ளினார்.

"வண்டியில ஆட்டுத்தொடை கொண்டு வந்திருக்கோம்" என்றாள் லோர்னா. "நம்ம ஆட்டுக்குட்டிதான். என்ன கொண்டு வர்றதுன்னே தெரியல. எத கொண்டு வந்தாலும்..."

"அது கிடக்கட்டும்" என்றார் சவேரியோ. "ஏறும்போது எப்படி இருந்துச்சு?"

"எது?"

"மருந்து. உள்ள போகும்போது. எப்படி இருந்துச்சு?"

அவள் யோசித்தாள். "கை குளிர்ந்துச்சு. முதல்ல விரல், அப்புறம் முழங்கை வரைக்கும்."

"குளிர்ந்துச்சா? சுடல?"

"சுடல. குளிரு. நடுக்கமே வந்துடுச்சு, மூணு போர்வை போத்தினாங்க. வாயில ஒரு மாதிரி இரும்பு ருசி, ஆணியக் கடிச்ச மாதிரி."

"ஆணி" என்றார் சவேரியோ அண்ணியிடம், அவருக்குக் காது கேட்காதது மாதிரி.

"கதவ மூடிட்டுப் போயிட்டாங்க. தனியா இருந்தேன். அழுகை வந்துச்சு, என்னமோ என்னோடது இல்லாதத திருடின மாதிரி."

"அத விடு. நெறி கரையறது தெரிஞ்சுதா?"

"உடனே தெரியல. வீட்டுக்குப் போனப்புறம் என்ன கம்பளி வெட்டற கொட்டாயில தனியா போட்டாங்க. வீட்டுக்காரர் சாப்பாட்ட வாசல்ல வெச்சுட்டு ஓடிடுவார். நாய்தான் புரியாம ராத்திரியெல்லாம் கதவச் சுரண்டிக்கிட்டுக் கிடந்துச்சு. ஒரு நாள் காலையில முகம் கழுவறேன், கழுத்துல கை போகுது, தேடறேன். தேடறேன், இல்ல."

சவேரியோவின் கை தன் கழுத்துக்குப் போயிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அண்ணி கவனித்தார், தலையைத் திருப்பிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார்.

லோர்னா நிறுத்திவிட்டாள். சொல்லலாமா கூடாதா என்று என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வது? கூண்டை அடுக்குவதை விட்டுவிட்டு நானும் நின்றுகொண்டிருந்தேன்.

"அப்புறம்?" என்றார் சவேரியோ.

"அவ்வளவுதான்."

"இல்ல, முதல்லேருந்து சொல்லு. குளிர்ந்துச்சுன்னியே, அங்கேருந்து. எந்தக் கை?"

"இடது" என்றாள் லோர்னா. சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, ஊசி ஏறிய இடத்தைக் காட்டினாள். சவேரியோ தன் இடது கையைத் திருப்பி, அதே இடத்தில் விரலை வைத்துக்கொண்டார்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் மேல."

விரலை நகர்த்தினார். "ம். சொல்லு."